புரதக்காரம்மா

1986
மார்ச் 4 — 310
ஏப்ரல் 1 — 295
மே 6 — 540
ஜூன் 3 — 760
ஜூலை 1 — 980

இவை என் தங்கை மகளின் இரத்தத்தில் இருந்த ஃபினைல்அலனின் என்ற பொருளின் அளவுகள். மருத்துவமனை வைத்திருந்த மேல் எல்லை 360. அதற்குள் இருக்கும்வரை குழந்தையின் மூளைக்கு ஆபத்தில்லை. அதைத் தாண்டி நீண்ட நாள் நின்றால் மூளை வளர்ச்சி கெடும், கெட்டதைத் திரும்பப் பெற முடியாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அந்த வருடம் அவளுக்கு ஐந்து வயது.

தங்கை இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. ரயில்வே சரக்குக் கிடங்கில் எடை எழுதியே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். எது வந்தாலும் போனாலும் எழுதிவைப்பது கையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆனால் அவளைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறேனா என்று தேடிப் பார்த்தால், எழுதியதெல்லாம் அவள் மகள் சாப்பிட்டதைப் பற்றி. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

தங்கை எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பதினாறு வயதில் சட்டைத் தொழிற்சாலையில் காஜா மெஷினில் உட்கார்ந்தாள். காஜா என்பது பொத்தான் நுழையும் துளை. காலரோ கையோ கோணலானால் பிரித்துத் தைக்கலாம். காஜாவில் கத்தி இறங்கிவிட்டால் திருத்தவே முடியாது. அதனால் அந்த மெஷினில் அவசரக்காரர்களை உட்காரவைக்க மாட்டார்கள். என் தங்கை அவசரக்காரிதான், ஆனால் வாயில் மட்டும். கை நிதானம்.

யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்கும் முன் பொத்தான் வரிசையைப் பார்ப்பாள். மாப்பிள்ளையை முதலில் பார்த்ததும் அப்படித்தான். அவர் தொழிற்சாலை வழியாகப் போகும் பஸ்ஸின் டிரைவர். ஒருநாள் ஏறும்போது அவருடைய காக்கிச் சட்டையைப் பார்த்து, "ஏன் சார், மூணாவது பொத்தான் லீவுல போயிருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். மறுநாள் நாலாவது பொத்தானும் இல்லை. அதை அவரே பிய்த்துவிட்டு வந்தார் என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் வெளியே வந்தது.

கீழே இரண்டு அறை அவர்களுக்கு, மாடியில் ஓர் அறை எனக்கு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின் இருக்கும். தொழிற்சாலை விட்டு வந்தும் அதில் உட்காருவாள். அந்த மெஷின் சத்தம் மாடிப்படி வழியாக ஏறி வரும். அது நின்றால் சாப்பாடு தயார் என்று அர்த்தம். இப்போதும் எங்காவது தையல் மெஷின் ஓடி நின்றால் எனக்குப் பசிக்கிறது.

கல்யாணமாகி ஏழாவது வருடம் பெண் பிறந்தாள். பிறந்த குழந்தைகளின் குதிகாலில் குத்தி, தடித்த அட்டையில் நான்கு பொட்டு இரத்தம் வைத்து அனுப்புவது அந்த ஆஸ்பத்திரி வழக்கம். பத்தாம் நாள் கடிதம் வந்தது. உடனே வரவும் என்றிருந்தது. போனோம்.

உணவுப் பிரிவில் இருந்த அம்மையார்தான் எங்களுக்கு எல்லாவற்றையும் விளக்கினார். அவரை நாங்கள் டயட் அம்மா என்று கூப்பிட ஆரம்பித்து, கடைசிவரை அதுவே பெயராகிவிட்டது.

"புரதம்னா ஒரே பொருள் இல்லைங்க," என்றார். "அமினோ அமிலம்னு இருபது விதத் துண்டுகள் இருக்கு. அதுகளை ஒண்ணோட ஒண்ணு கோத்த நீளமான சங்கிலிதான் புரதம். பால், முட்டை, இறைச்சி, பருப்பு எல்லாத்துலயும் அதே இருபதுதான். கோக்குற வரிசைதான் மாறும்."

"எதால கோக்குது?" என்றாள் தங்கை. பிறந்து பத்து நாளான குழந்தை மடியில். கண் வீங்கியிருந்தது. ஆனாலும் கேள்வி கேட்காமல் அவளால் இருக்க முடியாது.

"ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முனை அமிலம், மறுமுனை அமைன். ஒண்ணோட அமில முனை அடுத்ததோட அமைன் முனையைப் பிடிச்சுக்கும். பிடிக்கிறப்போ ஒரு தண்ணி மூலக்கூறு வெளியே போயிடும். அதைப் பிரிக்கணும்னா அந்தத் தண்ணியைத் திருப்பிக் கொடுக்கணும்."

"ரயில் பெட்டி மாதிரி," என்றேன் நான். எனக்குத் தெரிந்தது அதுதான்.

"ரயில் பெட்டி இல்லண்ணா, ஜாக்கெட் ஹூக் மாதிரி. ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் வளையம்."

டயட் அம்மா அவள் பக்கம்தான் சேர்ந்தார். காரணமும் சொன்னார். ரயில் நீளமாகவே நிற்கும். புரதச் சங்கிலி அப்படி நிற்காது. துண்டுகளில் சில தண்ணீரை விரும்பும், சில தண்ணீருக்கு ஒளியும். ஒளிபவை உள்ளே போக, விரும்புபவை வெளியே நிற்க, சங்கிலி தானாகச் சுருண்டு மடிந்து ஒரு உருண்டை ஆகிவிடும். ஒரே வரிசையில் கோத்த சங்கிலி ஒவ்வொரு முறையும் ஒரே வடிவத்தில்தான் மடியும். சூடு பட்டால் அந்த மடிப்பு கலைந்துவிடும். முட்டை வெந்து வெள்ளையாவது அதனால்தான்.

"முறுக்கு ஏறின நூல் கையை விட்டா தானா சுருண்டுக்கும்ல, அதுவா?" என்றாள் தங்கை.

"அதேதான். அப்படி மடிஞ்ச சில புரதங்கள்ல ஒரு சின்னக் குழி விழும். அந்தக் குழிக்குள்ள ஒரு குறிப்பிட்ட பொருள்தான் போய் உக்காரும். உக்கார்ந்ததும் அந்தப் புரதம் அதை வெட்டும், இல்லன்னா ஒட்டும், இல்லன்னா மாத்தும். மாத்தி அனுப்பிட்டு அடுத்ததை வாங்கும். அதுக்குத்தான் நொதின்னு பேரு."

இருபது துண்டுகளில் ஒன்று ஃபினைல்அலனின். உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒரு நொதியிடம் கொடுக்கும். அந்த நொதி அதில் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து டைரோசின் என்ற வேறொரு துண்டாக மாற்றிவிடும். நானூற்றுச் சொச்சம் துண்டுகளால் ஆன நொதி அது. குழந்தைக்கு அந்த வரிசையில் ஏதோ ஓரிடத்தில் ஒரு துண்டு மாறிப்போய்விட்டது. அதனால் மடிப்பு சரியாக விழவில்லை. நொதி வேலை செய்யவில்லை. மிச்சம் இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும்.

தங்கை பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது சொன்னாள்: "ஒரு நாளைக்கு ஆயிரம் காஜா போடுறேன்ணா. என் பொண்ணு உடம்புல ஒரு காஜா சரியா விழலை பாரு."

அதற்கப்புறம் நான் அவள் அழுது பார்க்கவில்லை. வேலை வந்துவிட்டது. பால், முட்டை, இறைச்சி, மீன், பருப்பு, சாதாரண ரொட்டி எதுவும் கூடாது. உருளைக்கிழங்கும் காயும் பழமும் எடைபோட்டு, அளவோடு. அந்த ஒரே ஒரு துண்டை மட்டும் விலக்கிவிட்டு மற்ற அமினோ அமிலங்களைக் கலந்த டப்பா மாவு ஒன்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும். அதைக் கரைத்து நாளைக்கு மூன்று டம்ளர் குடிக்க வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டியையும் பழைய பாலாடைக்கட்டியையும் சேர்த்து வேகவைத்த மாதிரி ஒரு வாசனை. மாப்பிள்ளை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "பஸ்ஸுக்கு ஊத்தினா பஸ்ஸே ஓடாது" என்றார்.

ரொட்டிக்குத் தங்கை பட்ட பாடு தனிக் கதை. கோதுமையின் புரதம்தான் மாவை இழுபடச் செய்வது. அதைக் கழுவி நீக்கிய வெறும் மாவுப்பொருளைப் பிசைந்தால் ஈர மணல் போல உதிரும், உப்பவும் உப்பாது. முதல் ரொட்டியை மாப்பிள்ளை தட்டிப் பார்த்து, "இதை மேட்டுல சக்கரத்துக்கு அடியில கொடுக்கலாம், வண்டி பின்னால வராது" என்றார். அவள் அசரவில்லை. மாவில் கொஞ்சத்தைக் கஞ்சியாகக் காய்ச்சி, அந்தப் பசையைப் போட்டு மற்றதைப் பிசைந்தாள். நாலாவது மாதம் ரொட்டி ரொட்டியாக எழுந்தது. அதைச் சட்டைபோலத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

குழந்தைக்கு மாப்பிள்ளை பட்டாணி என்று பெயர் வைத்தார். பட்டாணியை எண்ணித்தான் போடுவோம், அதனால். கடைத்தெருவில் தங்கைக்கும் ஒரு பெயர் விழுந்தது. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "இதுல புரதம் உண்டா?" சோப்புக் கடையில் கூடக் கேட்டாள் என்று சொல்வார்கள், அது கொஞ்சம் மிகை. "புரதக்காரம்மா வந்தாச்சு, டப்பாவைத் திருப்பி வைங்க, எழுத்து தெரியட்டும்" என்பார் மளிகைக்காரர். அவளும் விட மாட்டாள். "எழுத்து தெரிஞ்சா போதுமா, நீங்க படிச்சிருக்கீங்களா?"

அந்த ஐந்து வருடம் அந்த வீட்டில் இருந்த சந்தோஷம் வேறு எப்போதும் இருந்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது. சமையலறைத் தராசு, டப்பா மாவு வாசனை, மூவரும் சேர்ந்து ஒரு குழந்தைக்குக் காவல். மாதாமாதம் கடிதம் வரும். எல்லை தாண்டாது. பட்டாணி மெஷினடியில் உட்கார்ந்து பொத்தான்களைப் பிரிப்பாள். இரண்டு கண் ஒரு கிண்ணம், நாலு கண் ஒரு கிண்ணம். அவள் கை ஓடும் வேகத்தைத் தங்கை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தைப்பாள்.

1986 ஏப்ரலில் பட்டாணிக்குப் பல்வலி வந்தது. டப்பா மாவு தொண்டையில் இறங்க அதில் நிறையச் சர்க்கரை போடுவது வழக்கம். இரண்டு பல்லில் சொத்தை. சர்க்கரையை நிறுத்துங்கள் என்றார் பல் டாக்டர். தங்கை மருந்துக் கடைக்குப் போனாள். கடைக்காரர் பெரிய டின்னிலிருந்து சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகளைப் பழுப்புப் பாட்டிலில் கொட்டிக் கொடுத்தார். சர்க்கரைக்குப் பதில் போடுவது. அவள் கேட்காமல் இருப்பாளா?

"இதுல புரதம் உண்டா?"

"சுத்தமா கிடையாதும்மா. சர்க்கரையும் கிடையாது. சும்மா இனிக்கும், அவ்வளவுதான்."

பட்டாணி சாப்பிடுவதை எடையோடு எழுதும் என் நோட்டில் புரதம் இல்லாதவை ஏறுவதில்லை. தண்ணீர், எண்ணெய், சர்க்கரை போல மாத்திரையும் ஏறவில்லை. டம்ளருக்கு ஐந்து. முதல் தடவையாகப் பட்டாணி மூக்கைப் பிடிக்காமல் குடித்தாள். அன்றைக்குத் தங்கைக்கு வந்த சிரிப்பை நான் பார்த்தேன்.

மே மாதக் கடிதத்தில் 540. ஜூனில் 760. பெரிய டாக்டர் எங்களை வரவழைத்தார். நோட்டைப் புரட்டினார். எல்லாம் அளவோடு இருந்தது.

"நோட்டு சரியா இருக்கு. ரத்தமும் சரியாத்தான் சொல்லுது. அப்போ வீட்ல யாரோ தெரியாம ஏதோ கொடுக்கறாங்க. பாசத்துல செய்யறதுதான், நான் நிறையப் பார்த்திருக்கேன்," என்றார்.

அதற்குள் குழந்தையும் மாறியிருந்தாள். ஒன்றுமில்லாததற்கு அழுதாள். உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. ஒருநாள் இரண்டு கண் கிண்ணத்தில் நாலு கண் பொத்தான்கள் கிடந்தன. தங்கை அவற்றைப் பொறுக்கி எடுத்தாள். மெஷினை அன்று ஓட்டவில்லை.

விடுமுறை நாட்களில் மாப்பிள்ளை பட்டாணியைப் பஸ்ஸில் முன்சீட்டில் வைத்துக்கொண்டு டெப்போ வரை போய்வருவார். தங்கையின் சந்தேகம் அங்கே போய் நின்றது.

"உண்மையைச் சொல்லுங்க. டெப்போ கேன்டீன்ல என்ன வாங்கிக் கொடுத்தீங்க?"

"தண்ணி."

"தண்ணி மட்டுமா?"

"அதுக்கு ரசீது போட மாட்டாங்க, போட்டா கொண்டு வந்து காட்டறேன்."

"விளையாடாதீங்க. என் பொண்ணு மூளைங்க இது."

"எனக்கு மட்டும் அவ அடுத்த வீட்டுப் பொண்ணா?" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு என் பக்கம் திரும்பி, "மச்சான், நீங்களும் நம்பலையா?" என்றார். நம்பறேன் மாப்பிள்ளை என்றேன். ஆனால் சொல்வதற்கு முன் ஒரு நொடி தாமதித்தேன் போலிருக்கிறது. அன்றிலிருந்து அவர் டெப்போவிலேயே சாப்பிட்டுவிட்டு, கைவாய் கழுவி, சட்டையை உதறிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். பட்டாணியைப் பஸ்ஸில் ஏற்றுவதையும் விட்டுவிட்டார்.

தங்கை இன்னும் இறுக்கினாள். உருளைக்கிழங்கைப் பாதியாக்கினாள். வயிறு நிறைய டப்பா மாவை மூன்று டம்ளருக்குப் பதில் நான்காக்கினாள். ஜூலைக் கடிதத்தில் 980. அதோடு இன்னொரு தாளும் இருந்தது. ஆகஸ்ட் நான்காம் தேதி குழந்தையைத் தலைநகர் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். மூன்று மாதம். பெற்றோர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கலாம்.

"நான் இல்லாம அவ அந்த மாவைக் குடிப்பாளாண்ணா?" என்று கேட்டாள். கொஞ்சம் கழித்து, "என் கையால குடிச்சுத்தான் ஏறுது போல. போகட்டும்," என்றாள். எவ்வளவு சரியாகச் சொல்கிறாள் என்று அப்போது அவளுக்கே தெரியாது.

சேர்க்கும் முன் வீட்டை ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று டயட் அம்மா ஜூலை 17 அன்று வந்தார். கொண்டுவந்த எடைக்கற்களை எங்கள் தராசில் வைத்துப் பார்த்தார். தராசில் பிழையில்லை. அலமாரியில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தார். ஒன்றும் இல்லை. களைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று மணி டம்ளர் நேரம். தங்கை கரைத்து வைத்தாள். பட்டாணி ஓடிவந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, விளிம்பை நக்கினாள்.

டயட் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த மாவைக் குடிக்க வைக்க அம்மாமார் படற பாட்டை வருஷக்கணக்கா பார்க்கறேன். விளிம்பை நக்கற குழந்தையை இன்னைக்குத்தான் பார்க்கறேன். இதுல என்ன போட்டீங்க?"

தங்கை பெருமையோடு பழுப்புப் பாட்டிலை எடுத்துக் காட்டினாள். "சர்க்கரை இல்ல, புரதமும் இல்ல. கேட்டுத்தான் வாங்கினேன்."

டயட் அம்மா ஒரு மாத்திரையை நாக்கில் வைத்தார். பாட்டிலில் எந்த எழுத்தும் இல்லை. மருந்துக் கடைக்கே நடந்து போய், பெரிய டின்னைத் திருப்பிப் படித்துவிட்டு வந்தார். வந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கடைக்காரர் பொய் சொல்லலம்மா. நீங்க புரதம் உண்டான்னு கேட்டீங்க, இல்லைன்னார். இது புரதம் இல்ல. புரதம்னா சங்கிலி எவ்வளவோ நீளம். இது ரெண்டே ரெண்டு துண்டு. உங்க பாஷைல ஒரு கொக்கி, ஒரு வளையம். ஒண்ணு அஸ்பார்ட்டிக் அமிலம். தனியா வச்சா இனிக்காது. இன்னொண்ணோட சேர்த்து, வால்ல ஒரு சின்ன ஒட்டும் வச்சா சர்க்கரையைப் போல இருநூறு மடங்கு இனிக்குது. அந்த இன்னொண்ணு..."

"சொல்லாதீங்க," என்றாள் தங்கை.

"அதேதான். வயித்துல இருக்கிற மத்த நொதிங்க எல்லாம் இவளுக்கு நல்லாவே வேலை செய்யுது. அதுங்க வெட்டிப் பிரிச்சு ரத்தத்துல விட்டுடுச்சு. சாப்பாட்டைக் குறைச்சதும் தப்பாப் போச்சு. உடம்பு பசியில தன் தசையையே பிரிச்சு எடுக்கும். அதுலயும் அந்தத் துண்டு இருக்கே."

டம்ளருக்கு ஐந்து, நாலு டம்ளர். தங்கை விரல்விட்டு எண்ணினாள், பாதியில் நிறுத்தினாள். பாட்டிலைக் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். அப்புறம் பட்டாணிக்குச் செருப்பை மாட்டிவிட்டு, என்னையும் வா என்று சொல்லாமல், பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பினாள். நான் பின்னாலேயே போனேன்.

மாப்பிள்ளையின் பஸ் வந்தது. முன்வாசல் வழியாக ஏறி, குழந்தையை அவர் பக்கத்து முன்சீட்டில் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தாள்.

"பொண்ணை டெப்போ வரைக்கும் கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

அவர் எங்களைப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்கு இன்னும் தெரியாது. "டிக்கெட்?" என்றார்.

"சம்பளத்துல பிடிச்சுக்கங்க. எனக்கு மட்டும் ரெண்டு டிக்கெட் போடுங்க. சந்தேகப்பட்ட பாவத்துக்கு ஒண்ணு."

டெப்போ வரை அவள் பேசினாள், அவர் ஓட்டினார். திரும்பி வந்து அன்று வீட்டில் சாப்பிட்டார்.

ஜூலை 24 அன்று 620. ஜூலை 31 அன்று 340. தலைநகர் ஆஸ்பத்திரிப் படுக்கையை நிறுத்திவைத்தார்கள். ரத்து செய்யவில்லை. மூன்று மாதம் ஏறி நின்ற அளவு மூளையில் என்ன செய்துவிட்டுப் போனது என்று இப்போதே சொல்ல முடியாது, ஜனவரியில் அறிவுச் சோதனை வைத்துப் பார்ப்போம் என்றார் பெரிய டாக்டர். பின்தங்கியிருந்தால் தலைநகரிலேயே விடுதியோடு சிறப்புப் பள்ளி.

இனிப்பு போனதும் பட்டாணி டப்பா மாவைத் துப்பினாள். சுவரில் துப்பினாள், என் மேல் துப்பினாள், துணி விரிப்பில் துப்பினாள். "துப்பு தாயே, நல்லா துப்பு. துப்பினா அது சுத்தமான மாவுன்னு அர்த்தம்," என்று தங்கை துடைத்தாள், மறுபடி கரைத்தாள். டயட் அம்மா சொன்னபடி நன்றாகக் குளிரவைத்து, எலுமிச்சைச் சாறு பிழிந்து, மூடி போட்டு உறிஞ்சு குழலில் கொடுத்தாள். மணிக்கணக்கில் நடக்கும். அந்த ஆறு மாதமும் பொத்தான் கிண்ணங்களைத் தினமும் கவிழ்த்துக் கலந்து வைப்பாள். குழந்தை பிரிக்கும்போது மெஷினை ஓட்டியபடியே இருப்பாள். துணியில்லாமல் வெறும் மெஷின் ஓடியதைக் கூட நான் பார்த்திருக்கிறேன்.

சோதனைக்கு நாங்கள் மூவரும் போய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே கட்டைகள், படங்கள், கதைகள். வெளியே வந்த சோதனைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மிட்டாய் கொடுத்தேன். வாங்கலை. இதுல என்னென்ன இருக்கு, டின்னைக் கொண்டு வாங்கன்னு கேக்கறா."

தங்கை சிரிக்கவில்லை. "மத்ததெல்லாம்?" என்றாள். கடிதம் வரும் என்றார்.

வந்தது. தொழிற்சாலைக்குப் போகும் அவசரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளிடம் நான்தான் கொடுத்தேன். அவள் பிரிக்கவில்லை. மாப்பிள்ளையைப் பிரிக்கச் சொன்னாள். அவர் சத்தமாகப் படித்தார். நினைவாற்றல், வயதுக்கு ஏற்றது. கவனம், வயதுக்கு ஏற்றது. வடிவங்களைப் பிரித்தறிதல், வயதை விடச் சற்று மேல். தலைநகர் படுக்கை ரத்து செய்யப்படுகிறது. குழந்தை வழக்கமான பள்ளியில் தொடரலாம். கீழே கையால் எழுதிய ஒரு வரி: பேச்சு சற்று அதிகம்.

"அது அம்மா வழி," என்றார் மாப்பிள்ளை. "அதுக்கு எந்த நொதியும் கிடையாது."

தங்கை அவர் கையிலிருந்து தாளை வாங்கி, ஒரு செருப்போடு நின்றபடியே முதலிலிருந்து தானே படித்தாள். அன்றைக்குத் தொழிற்சாலைக்குத் தாமதமாகப் போனாள். அவள் வேலைக்காலத்தில் அதுதான் முதல் தடவை.

அந்தக் கடிதம் வந்த நாள் 1987 பிப்ரவரி 12, வியாழக்கிழமை.